இலை உதிரும் காட்டில் ஒரு நடை

உங்கள் வீட்டுப் பழைய போட்டோ ஆல்பத்தை ஒரு தடவை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கல்யாணப் படம், குழந்தைக்கு முதல் மொட்டை அடித்த படம், மகாபலிபுரத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரும் வரிசையாக நிற்கும் படம், எல்லாம் இருக்கும். அவற்றில் எத்தனை படங்களை நீங்கள் எடுத்தீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், ஒன்றுகூட இல்லை என்பேன். எங்கள் வீட்டில் 'அக்பா கிளிக் த்ரீ' என்று ஒரு காமிரா இருந்தது. ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டே படம். பன்னிரண்டையும் என் வீட்டுக்காரர்தான் எடுப்பார். "நான் ஒன்று எடுக்கட்டுமா?" என்று கேட்டால், "பிலிம் என்ன விலை விற்கிறது, தெரியுமா?" என்பார். ஆகவே வருஷக் கணக்காக நான் காமிராவுக்கு முன்னால் நின்றேன். "அசையாதே!" என்றால் அசையாமல் நின்றேன். "சிரி!" என்றால் சிரித்தேன்.

அப்படிப்பட்டவள் அறுபத்து மூன்றாவது வயதில், லண்டனை ஒட்டிய ஒரு காட்டில், ஒரு குளத்தங்கரையில், ஈரத் தரையில் மண்டியிட்டு ஒரு மஞ்சள் இலையைப் படம் பிடித்தேன் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நீங்களும் கூடவே வாருங்கள். கனமாக ஒரு கம்பளிச் சட்டை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அக்டோபர் மாதக் கடைசி. குளிர் கொஞ்சம் காரமாகவே இருக்கும்.

அலமாரியில் தூங்கிய காமிரா

என் பெண் உமா, லண்டனில் கிழக்குப் பக்கம் மேனர் பார்க் என்ற இடத்தில் குடியிருக்கிறாள். பக்கத்துப் பேட்டை ஈஸ்ட் ஹாம். அந்தப் பக்கத்தில் முருகன் கோயில் இருக்கிறது. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தெருக்கடையில் வாங்கலாம். அவளுக்குக் குழந்தை பிறந்ததை முன்னிட்டு நான் போயிருந்தேன். பத்திய சாப்பாடு, பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல் எல்லாம் ஒழுங்காக நடந்தன. குழந்தை கொழுகொழு என்று வளர்ந்தான்.

ஆனால் உமா மட்டும் சரியாயில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரும்; அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஜன்னலருகே உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பாள். "தூக்கம் போதவில்லை, வேறொன்றுமில்லை" என்பாள். பிரசவமான புதிதில் இரண்டு வாரம் வரையில் மனம் கலங்கி அழுகை வருவது சகஜம். அதற்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வைத்தியத்தினால் குணமாகக் கூடியது அது. வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் செவிலியர் இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னார். உமாவும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். சொல்லியிருந்த யோசனைகளில் ஒன்று, தினமும் கொஞ்ச தூரமாவது வெளியே நடக்க வேண்டும் என்பது. அந்த ஒன்றைத்தான் அவள் செய்யவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். துணிகளுக்கு அடியில் சின்னதாக ஒரு காமிரா அகப்பட்டது. கல்லூரி நாளில் அவள் ஆசை ஆசையாக வாங்கியது. "இது இன்னும் வேலை செய்யுமா?" என்று கேட்டேன். "உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள், அம்மா. எனக்கு இனிமேல் எதற்கு?" என்றாள். அந்த "இனிமேல் எதற்கு" என்ற சொல் என் நெஞ்சில் முள் மாதிரி தைத்தது.

"சரி, எனக்கே இருக்கட்டும். ஆனால் எப்படிப் பிடிப்பது என்று நீ வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். நாளைக்கே!" என்றேன்.

மாப்பிள்ளை உடனே, "நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள், அத்தை. ஒரு மணி வரையில் நான் பார்த்துக்கொள்கிறேன். பால் எடுத்து வைத்துவிட்டால் போதும்" என்றார். நல்ல மனிதர். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பயம் தெரிந்தது என்பதையும் மறைப்பானேன்!

இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலியா மார்கரெட் காமரூன் என்று பெயர். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் வைட் தீவில் குடியிருந்தபோது, 1863-ஆம் வருஷக் கடைசியில், அவருடைய பெண்ணும் மாப்பிள்ளையும் அவருக்கு ஒரு காமிரா வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பல குழந்தைகளைப் பெற்று வளர்த்தவர். நிலக்கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிக் கூண்டுக்குக் கண்ணாடி வைத்துப் படமெடுக்கும் கூடமாக மாற்றினார். அந்தக் காலத்தின் பெரிய கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் அங்கே உட்கார வைத்துப் படம் பிடித்தார். இன்றைக்கு உலகத்தின் தலைசிறந்த புகைப்படக்காரர்களில் ஒருவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். 1875-ல் இலங்கைக்குப் போனார். அங்கேயும் தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். 1879-ல் அங்கேயே காலமானார்.

நாற்பத்தெட்டில் அவர் தொடங்கினார். நான் பதினைந்து வருஷம் தாமதம். அவ்வளவுதானே!

பொன் பூசிய குளம்

எப்பிங் காடு என்பது லண்டனின் கிழக்குப் பகுதியில் தொடங்கி வடக்கே எப்பிங் என்ற ஊரைத் தாண்டும் வரையில், பன்னிரண்டு மைல் நீளத்துக்குக் கிடக்கிறது. சுமார் ஆறாயிரம் ஏக்கர். அதன் தெற்கு நுனி, எங்கள் மேனர் பார்க்கை ஒட்டிய புல்வெளிதான். நூற்றுக்கு மேற்பட்ட குளங்களும் குட்டைகளும் அதில் இருக்கின்றன. பல, அந்தக் காலத்தில் ரோட்டுக்காகச் சரளைக் கல் தோண்டிய பள்ளங்கள். மழை பெய்து நிரம்பிக் குளமாகி விட்டன.

சனிக்கிழமை காலையில் ரயில் மாறி சிங்போர்டு போய் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து சிறிது தூரம் மேட்டில் ஏறினால் மரச் சட்டங்களும் வெள்ளைச் சுவருமாக ஒரு பழைய வீடு. வேட்டை பார்ப்பதற்காக எட்டாம் ஹென்றி மன்னருக்கு 1543-ல் கட்டியது. அதைத் தாண்டிப் புல்வெளியில் நடந்தால் கன்னாட் வாட்டர் என்ற ஏரி வருகிறது. ஏரி என்றதும் செம்பரம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்ப் பெரிய தெப்பக்குளங்களைப் போலச் சிலவற்றைச் சேர்த்து வைத்த அளவுதான். சதுப்பாகக் கிடந்த இடத்தை 1880-களில் வெட்டி ஏரியாக்கினார்கள். சுற்றிலும் நல்ல நடைபாதை போட்டிருக்கிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக் கொண்டுகூடச் சுற்றி வரலாம்.

போய் நின்றேன். நின்றேனா! மூச்சு அடைத்துப் போயிற்று.

காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. கரையில் நின்ற மரங்கள் எல்லாம் மஞ்சளும் தாமிரமும் ஆரஞ்சுமாக எரிந்துகொண்டிருந்தன. தண்ணீருக்குள் அதே காடு தலைகீழாக நின்றது. நடுவிலே ஒரு வாத்து நீந்திப் போயிற்று. அது போன வழியில் அந்தத் தலைகீழ்க் காடு நெளிந்து நெளிந்து, பிறகு மெதுவாகத் தன் பழைய உருவத்துக்கு வந்து சேர்ந்தது.

நம் ஊரில் ஐப்பசி என்றால் மழை, கூதிர் காலம். குடையும் சேறும் தீபாவளிப் பட்சணமுமாகப் பொழுது போகும். இலைகள் உதிர்வதெல்லாம் பின்னால் மாசி பங்குனியில். அப்போதும் நம் மரங்கள் ஒரு பக்கம் உதிர்த்துக்கொண்டே மறு பக்கம் துளிர்த்துவிடும். வாதாமரம் ஒன்றுதான் உதிர்ப்பதற்கு முன்னால் இலைகளைச் செக்கச் செவேல் என்று ஆக்கிக்காட்டுகிறது. அந்த வாதாமரத்தை ஆயிரக் கணக்கில், ஆனால் மஞ்சளும் பொன்னுமாக, கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுதான் அங்கே இலையுதிர் காலம்.

உமா பாடத்தைத் தொடங்கினாள். வார்த்தைகள் சிக்கனமாகத்தான் வந்தன. ஆனால் அத்தனையும் பவுன். நீங்களும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கானல் குளத்தங்கரைக்குப் போனாலும் உதவும்.

முதலாவது: தண்ணீரில் நிழல் தெரிய வேண்டுமானால் காலையில் போக வேண்டும். பொழுது ஏற ஏறக் காற்று கிளம்பி, தண்ணீர் கலைந்து விடும். அக்டோபர் கடைசியில் அங்கே சூரியன் உதிப்பதே ஏழரை மணிக்கு மேல்தான். ஆகவே நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டியதில்லை. சோம்பேறிகளுக்கும் ஏற்ற கலை!

இரண்டாவது: இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தாற்போல் பார்க்க வேண்டும். வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து விழுந்தால் இலை வெறும் காகிதம். இலைக்குப் பின்னாலிருந்து வந்தால், உள்ளே விளக்கேற்றிய மாதிரி நரம்பெல்லாம் தெரியும். அந்த மாதத்தில் அங்கே நண்பகலில்கூடச் சூரியன் வானத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத்தான் ஏறுகிறது. ஆகவே நாள் முழுவதும் நம் ஊர்ச் சாயங்கால வெயில்தான்.

மூன்றாவது: மேகமூட்டமாக இருந்தால் மனம் தளரக்கூடாது. கடும் வெயிலில் வெளுத்துப் போகும் நிறங்கள் மேகத்தடியில் ஆழ்ந்து தெரியும். ஆனால் வெள்ளை வானத்தைப் படத்துக்குள் விடக்கூடாது; காட்டுக்குள்ளும் தண்ணீரின் மேலும் காமிராவைத் திருப்ப வேண்டும்.

நான்காவது: குனிய வேண்டும். நின்ற இடத்திலிருந்து எல்லோரும்தான் பார்க்கிறார்கள். தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்தால்தான் குளம் பெரிசாகும்.

குனிந்தேன். முழங்கால் 'கடக்' என்றது. கரையோரம் தண்ணீரில் மிதந்த ஒற்றை மஞ்சள் இலைமேல் ஒரு சொட்டு நீர் உருண்டு நின்றது. பொத்தானை அழுத்தினேன். காமிராவின் முதுகில் இருந்த சின்னத் திரையில் படம் வந்தது. இலை பாதி, என் கட்டை விரல் பாதி.

"பரவாயில்லை அம்மா, இதற்கு பிலிம் செலவில்லை" என்றாள் உமா.

அந்த ஏரியில் மாண்டரின் வாத்துகளும் இருக்கின்றன. கிழக்கு ஆசியாவிலிருந்து அழகுக்காகக் கொண்டு வந்து வளர்த்தவை. தப்பித்துப் போய்க் காட்டிலேயே குடித்தனம் போட்டு விட்டன. ஆண் வாத்துக்கு ஆரஞ்சுப் பிடரியும், ஊதா மார்பும், முதுகில் பாய்மரம் போல நிமிர்ந்த இரண்டு இறகும். பெண் வாத்து எளிமையாகச் சாம்பல் நிறம். கண்ணைச் சுற்றி வெள்ளை மை தீட்டினாற்போல் ஒரு கோடு. ஆணைப் பத்துப் படம் எடுத்தேன். பிறகு ஒரு நியாயத்துக்காகப் பெண்ணைப் பதினொன்று எடுத்தேன்.

உமாவையும் ஒன்று எடுக்கலாம் என்று திரும்பினேன். சட்டென்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "வேண்டாம் அம்மா. நான் பார்க்கிற மாதிரியா இருக்கிறேன்?" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

பச்சைக்குப் பின்னால் மஞ்சள்

ஏரியைச் சுற்றி முடித்து வடக்கே காட்டுக்குள் நுழைந்தோம். ஓக், ஹார்ன்பீம், வெள்ளைப் பட்டை பர்ச், மேட்டுப் பகுதியில் பீச் என்று வகைவகையான மரங்கள். காலடியில் இலைகள் கணுக்கால் ஆழம். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

"எப்படித்தான் ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசுகிறதோ!" என்றேன்.

"பூசவில்லை, அம்மா" என்றாள் உமா. அவள் படித்தது தாவரவியல்.

அவள் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். வெயிலை வாங்கி மரத்துக்குச் சமையல் செய்வது அது. வெயில் குறைந்து குளிர் வந்ததும், இனி இலைகளைக் கட்டிக் காப்பது நஷ்டம் என்று மரம் முடிவு செய்கிறது. இலையிலுள்ள சத்துக்களைத் திரும்ப வாங்கிக் கிளையில் சேமித்துக்கொள்கிறது. பச்சையம் சிதைந்து மறைகிறது. அப்போது தெரிகிற மஞ்சள், புதிதாக வந்ததல்ல. சித்திரையில் துளிர்த்த நாளிலிருந்தே இலைக்குள் இருந்தது. பச்சையின் மிகுதியால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சிவப்பு மட்டும் வேறு சங்கதி. அதைச் சில மரங்கள் கடைசி நாட்களில் புதிதாகத் தயாரிக்கின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் சிவப்பு கூடும். பிறகு காம்படியில் ஒரு தடுப்பு உண்டாகிறது. ஒரு சின்னக் காற்று போதும். இலை விடைபெற்றுக் கொள்கிறது.

நான் அந்த இடத்திலேயே நின்று விட்டேன். சகோதரிகளே, நீங்களும் ஒரு நிமிஷம் நின்று யோசித்துப் பாருங்கள். காலையில் காப்பி, பத்து மணிக்குள் சமையல், பள்ளிக்கூடப் பை, ஆபீஸ் கடிதம், மாமியாருக்கு மருந்து என்று நாள் முழுவதும் ஓடுகிறோமே, அதுதான் நம்முடைய பச்சை. வேலை செய்கிற நிறம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. வீடு அதனால்தான் வாழ்கிறது. ஆனால் அதற்கு அடியில் வேறு ஒரு நிறம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. கோலத்தில் ஆசையோ, பாட்டில் ஆசையோ, காமிராவில் ஆசையோ! என் தலையிலும் கறுப்பு போய் வெள்ளை வெளியே வந்திருக்கிறது. அது மட்டுந்தான் பாக்கி என்று நான் நினைத்திருந்தேன்.

விறகு வெட்டி காப்பாற்றிய காடு

அந்தக் காட்டு மரங்களுக்கு ஒரு விசித்திரமான உருவம் உண்டு. ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வரையில் பருத்த அடிமரம். அங்கிருந்து பெரிய பெரிய கிளைகள், விரித்த கை விரல்கள் போல மேலே கிளம்புகின்றன. காரணம், விறகு. ஏழைக் குடியானவர்கள் குளிர்காலத்தில் மேல் கிளைகளை வெட்டி எடுத்துக்கொள்ளும் உரிமை அங்கே பழங்காலத்திலிருந்து இருந்தது. மரத்தை அடியோடு வெட்டமாட்டார்கள். புதுத் தளிரை மாடும் மானும் மேயாத உயரத்தில் வெட்டுவார்கள். சில வருஷங்களில் மறுபடி கிளைக்கும், மறுபடி வெட்டுவார்கள். லௌட்டன் என்ற கிராமத்தில் நவம்பர் மாதத்து நள்ளிரவில் முதல் கிளையை வெட்டி உரிமையை நிலைநாட்டுவது அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலத்துக்கு விலை ஏறியது. பக்கத்திலிருந்த ஹேனால்ட் காட்டை 1851-க்குப் பிறகு பெரும்பாலும் அழித்து வயலாக்கி விட்டார்கள். எப்பிங்கிலும் பண்ணையார்கள் வேலி போட ஆரம்பித்தார்கள். லௌட்டனில் தாமஸ் வில்லிங்கேல் என்ற விறகு வெட்டும் தொழிலாளி மட்டும், "இது எங்கள் உரிமை" என்று வேலிக்குள் புகுந்து கிளையை வெட்டினார். 1866-ல் அவர் குடும்பத்து இளைஞர்கள் இதற்காகச் சிறை சென்றார்கள். வில்லிங்கேல் வழக்குப் போட்டார்; வழக்கு முடியுமுன் 1870-ல் காலமானார்.

பிறகு லண்டன் மாநகராட்சி வழக்கைக் கையில் எடுத்தது. மாநகராட்சிக்குக் காட்டின் மீது என்ன பாத்தியதை என்று கேட்பீர்கள். எங்கள் மேனர் பார்க் பக்கத்தில் அதற்கு ஒரு கல்லறை மைதானம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் என்ற முறையில், காட்டில் மாடு மேய்க்கும் உரிமை அதற்கு உண்டு! அதை வைத்தே வாதாடி, 1874-ல் வேலிகள் செல்லாது என்று தீர்ப்பு வாங்கியது. 1878-ல் தனிச் சட்டம் வந்தது. காட்டை வேலியில்லாமல், கட்டடமில்லாமல், பொது மக்களின் இன்பத்துக்காக என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 1882-ல் விக்டோரியா மகாராணி நேரில் வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணம் செய்தார். கிளை வெட்டும் உரிமை அத்துடன் முடிந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் லௌட்டனில் ஊர்ப் பொது மண்டபம் ஒன்று 1884-ல் எழுந்தது.

வெட்டுவதை நிறுத்திய பிறகு கிளைகள் தம் போக்கில் பருத்து, இன்றைக்கு ஒவ்வொன்றும் ஒரு மரம் மாதிரி நிற்கிறது. அடுப்பெரிக்க விறகு வேண்டும் என்று ஓர் ஏழை பிடித்த பிடிவாதம் இல்லையென்றால், அன்றைக்கு நாங்கள் நின்ற இடத்தில் யாராவது ஒருவருடைய வீட்டுக் கொல்லைப்புறம் இருந்திருக்கும்.

வழி காட்டிய படங்கள்

இந்தக் கதையில் மெய்மறந்து நடந்ததன் பலன் என்ன என்கிறீர்களா? திரும்பலாம் என்று திரும்பினால் வழியைக் காணோம்!

பாதை என்று ஒன்று இருந்தால்தானே! எங்கு பார்த்தாலும் ஒரே மஞ்சள் கம்பளம். எல்லா மரமும் ஒரே மரமாகத் தெரிந்தது. உமா செல்போனை எடுத்துப் பார்த்தாள். இரவெல்லாம் குழந்தையோடு விழித்திருந்தவள் அதற்குச் சார்ஜ் போட மறந்திருந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டது. என் செல்போனோ, வீட்டு வாசலைத் தாண்டினால் மணி காட்டுவதற்கு மட்டுந்தான். மணி பதினொன்றரை.

இடது பக்கம் நடந்தோம். சேறு. வலது பக்கம் நடந்தோம். முள் புதர். உமாவின் முகம் வெளுத்தது. "ஒரு மணிக்குள் போக வேண்டும், அம்மா. அவன் அழுவான். புட்டிப் பால் குடிக்காவிட்டால்? நான் வந்திருக்கவே கூடாது. நான் எதற்கும் லாயக்கில்லை" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் நிறைந்தது.

எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் வெளியே காட்டலாமா? கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். காமிரா இருந்தது.

"உமா, இதில் எடுத்த படங்களைப் பின்னால் தள்ளிப் பார்க்க முடியும் அல்லவா?"

பார்த்தோம். வருகிற வழியில் நான் ஒன்றையும் விடவில்லை. "எதற்கு அம்மா ஒவ்வொரு கட்டையையும் எடுக்கிறாய்?" என்று உமா அலுத்துக்கொண்டாளே, அந்தக் கட்டைகள்தான் இப்போது கை கொடுத்தன. கடைசிப் படம், யானைக் கால் மாதிரி நாலு தண்டு ஊன்றிய ஹார்ன்பீம். சுற்றும் முற்றும் பார்த்தோம். அதோ, புதருக்கு அப்பால் யானை நிற்கிறது! அங்கே போய் நின்றுகொண்டோம். அதற்கு முந்திய படம், தோசையைத் தோசையாக அடுக்கினாற்போல் காளான் முளைத்த ஒரு கட்டை. (அந்தக் காட்டில் காளான் பறிப்பது சட்ட விரோதம், படம் எடுக்கலாம்.) அதைக் கண்டுபிடித்தோம். அதற்கு முந்தியது, ஒரு பர்ச் மரம் சாய்ந்து கிடக்கும் சின்னக் குட்டை. வெயில் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று படத்தில் பார்த்து, எந்தக் கரையில் நின்று எடுத்தேன் என்று உமா கணக்குப் போட்டாள். குட்டையைச் சுற்றிக்கொண்டு போனோம்.

இப்படியே படம் படமாகப் பின்னோக்கி நடந்து, மரங்களுக்கு நடுவே ஏரியின் வெளிச்சத்தைக் கண்டோம். அதற்கும் முந்திய படம் எது என்று உமா தள்ளினாள். மஞ்சள் இலை பாதி, என் கட்டை விரல் பாதி!

உமா சிரித்தாள். முதலில் சின்னதாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வந்து நாலு மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. ஏரியின் மறு கரையில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேல் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "அம்மா, என்னையும் ஒன்று எடேன். அவன் பெரியவன் ஆனதும் காட்டலாம்" என்றாள்.

எடுத்தேன். தலை வெட்டுப்படவில்லை, கட்டை விரலும் விழவில்லை.

வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்றேகால். குழந்தை புட்டிப் பாலைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைதான் அவன் பக்கத்தில் களைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

ஒரே நடையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை கட்டமாட்டேன். டாக்டரிடம் போவதும் நடந்தது. சிரமமான நாட்களும் வந்தன. ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் உமா வெளியே கிளம்பினாள். தள்ளுவண்டியோடு பக்கத்துப் புல்வெளிக் குளம் வரையிலாவது போய் வந்தாள். காமிராவுக்காக எங்களுக்குள் சண்டைகூட வந்தது. நான் ஊருக்குக் கிளம்பும்போது அதை என் பையிலேயே வைத்துவிட்டாள். தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளப் போகிறாளாம். 'இனிமேல் எதற்கு' என்றவள்!

சென்னைக்கு வந்ததும் படங்களையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். குளத்தங்கரையில் உமா சிரிக்கும் படம் வந்ததும் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நாளைக் காலையில் பார்க்குக்கு நடக்கப் போகும்போது அந்தக் காமிராவைக் கொண்டு வா. என்னை ஒன்று எடு. ஆல்பத்தில் நான் எங்கேயும் இல்லை" என்றார்.

உண்மைதான். எடுத்தவர் படத்தில் எப்படி இருப்பார்? இத்தனை வருஷமாக எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆகவே, உங்கள் வீட்டு ஆல்பத்தை இன்று சாயங்காலம் எடுத்துப் பாருங்கள் என்று மறுபடி சொல்கிறேன். யார் எடுத்ததே இல்லை என்று பாருங்கள். யார் அதில் இல்லவே இல்லை என்றும் பாருங்கள். பிறகு பக்கத்தில் ஒரு குளமோ நாலு மரமோ இருக்கிற இடமாகப் பார்த்து, காலை வெயிலில் ஒரு நடை போய் வாருங்கள். கட்டை விரலை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.